இரண்டு தெருவுக்கும் ஒரே நடுக்கம்

ஆவாரம்பேரிக் கல்லூரியின் பெயர் முதன்முதலாக ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் அச்சாகி வந்த அன்று காலை, கீழத்தெருவில் தன் வீட்டு வாசலில் குத்தவைத்துக் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்த மாசானத்தின் கையிலிருந்து தம்ளர் நழுவி விழுந்தது, அதே நேரத்தில் மேலத்தெருவில் தன் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த மில்லுக்காரர் சங்கரலிங்கத்தின் கையிலிருந்தும் தம்ளர் நழுவி விழுந்தது, இரண்டு பேரும் ஒரே மாதிரி வலது தொடையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒரே மாதிரி "ச்சை" என்றார்கள், அதோடு அந்தச் சேதி முடிந்துபோனது. கீழத்தெருவில் வீடே இடிந்து விழுந்தாலும் மேலத்தெருவுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும், தம்ளர் விழுந்தது எப்படித் தெரியும்.

இதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, என் கடை இருக்கிற இடம் அப்படி. ஊருக்கு மேற்கே மேலத்தெரு, கிழக்கே கீழத்தெரு, நடுவில் கடைத்தெரு, கடைத்தெருவுக்கும் நடுவில் என் மருந்துக்கடை. சாதி ஆளை இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தாலும் தலைவலிக்கும் வயிற்றுப்போக்குக்கும் இரண்டு பக்கமும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். அந்த வாரத்திலிருந்து, மேலத்தெரு டீச்சரம்மா அரிவாள்மனையில் இடதுகைச் சுண்டுவிரலை அறுத்துக்கொண்டு வந்து பிளாஸ்திரி வாங்கிக்கொண்டு படி இறங்குவதற்குள் கீழத்தெருவிலிருந்து பீடி சுற்றும் பெண் ஒருத்தி அதே இடதுகைச் சுண்டுவிரலைப் பொத்திக்கொண்டு படி ஏறினாள், மேலத்தெருப் பையன் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டபோது கீழத்தெருவில் சைக்கிளே இல்லாத ஒரு பையனுக்குச் சும்மா நடந்து போகும்போது அதே முன்பல் உடைந்தது, கீழத்தெருக் கிழவனுக்கு விக்கல் எடுத்தால் மேலத்தெருவில் ஓய்வுபெற்ற தாசில்தாருக்கு விக்கல் எடுத்தது, தண்ணீரை எவன் முதலில் குடித்தாலும் இரண்டு பேருக்கும் சேர்ந்தே நின்றது. நான் எல்லா மருந்தையும் இரண்டிரண்டாக எடுத்து வைக்கப் பழகிக்கொண்டேன்.

ஊரும் பழகிக்கொண்டது. யாரும் கோயிலுக்கு ஓடவில்லை, யாரும் மாந்திரீகனைக் கூப்பிடவில்லை, ஊர் என்றால் இப்படியும் ஒன்று நடக்கும் என்பதுபோல எந்த வீட்டுக்கு எந்த வீடு சோடி, எந்த ஆளுக்கு எந்த ஆள் சோடி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள், ஏணியில் ஏறுவதற்கு முன்னால் சோடி வீட்டுக்குச் சொல்லியனுப்பினார்கள், கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை இறக்கும்போது எதிர்த்தெருவில் எவளோ ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்ற நினைப்போடு இறக்கினார்கள். வேண்டுமென்று செய்கிற எதுவும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது, சாப்பிட்டது போகாது, சம்பாதித்தது போகாது, படித்தது போகாது. தவறுதலாக நடப்பது மட்டும்தான் போகும், கை நழுவுவது, கால் சறுக்குவது, புரையேறுவது, கண்ணில் தூசி விழுவது. மேலத்தெருப் பெண் ஒருத்தியும் கீழத்தெருப் பையன் ஒருவனும் ஒரே நாளில் வெவ்வேறு ஆட்கள்மேல் ஆசைப்பட்டபோது, காதல் தவறுதலில் சேர்த்தியா இல்லையா என்று கடைத்தெருவில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது, முடிவுக்குத்தான் வரவில்லை.

மாசானம் பஞ்சாயத்தில் சாக்கடையும் மலக்குழியும் சுத்தம் செய்கிற ஆள். மனிதனைக் குழிக்குள் இறக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, அந்தச் சட்டம் தாளில் இருக்கிறது, மாசானம் குழியில் இருந்தான். அவனுடைய தங்கை முப்பிடாதி எங்கள் ஊர்க் கல்லூரியிலேயே இயற்பியல் படித்து, அங்கேயே வைகுண்டமூர்த்தி சாரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தாள், கீழத்தெருவிலிருந்து அவ்வளவு தூரம் படித்தவள் அவள் ஒருத்திதான், அம்மாவும் அப்பாவும் இல்லாத வீட்டில் அண்ணனும் தங்கையுமாக ஒருவர் தட்டில் ஒருவர் கறித்துண்டு எடுத்துப் போட்டு வளர்ந்த பிள்ளைகள். காலையில் அவன் குழியில் இறங்குகிற நேரத்தில் அவள் ஆய்வகத்தில் கறுப்பு மாவை அழுத்தி வில்லை செய்துகொண்டிருப்பாள். அண்ணன் சாயங்காலம் வீடு வந்து குளித்துவிட்டுச் சாப்பிட ஏதாவது கேட்கிற வரைக்கும் அவளுக்கு உயிர் அவள் வசம் இருக்காது.

சித்திரையில் வருகிற கோயில் கொடைக்கு முந்தின வாரம் மாசானம் பேருந்து நிலையத்துக் குழியில் இறங்கியபோது விஷக்காற்று அடித்து மயங்கினான், அதே நேரத்தில் மேலத்தெருவில் மில்லுக்காரர் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் அப்படியே சாய்ந்தார், உதடு நீலமாகி, கையில் பிசைந்த சோறு பிசைந்தபடியே இருக்க, சாணி வாடை வீசாத அந்த வீட்டில் குழி வாடை அடித்தது என்று அவர் மனைவி கோமதி பிறகு சொன்னாள். டாக்டர் வந்தார், ஒன்றும் புரியவில்லை. கோமதிக்குத்தான் புரிந்தது. "அந்த மாசானம் எங்க நிக்கான்னு பாருங்க. சீக்கிரம் ஓடுங்க. அவனைத் தூக்குங்க" என்று அவள் தெருவுக்கு வந்து கத்தினாள், மேலத்தெரு ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள், வாழ்நாளில் முதல் தடவையாக அவர்களில் நாலு பேர் அவனைத் தொட்டுத் தூக்கினார்கள், குழிக்கு வெளியே அவன் முகத்தில் காற்றுப் பட்டதும் ஊருக்கு அந்தப் பக்கத்தில் மில்லுக்காரர் கண்ணைத் திறந்தார்.

அதற்குப் பிறகுதான் மேலத்தெருவுக்குக் கீழத்தெருமேல் அக்கறை வந்தது. கீழத்தெருக் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் வந்தது, தெருவிளக்கு வந்தது, இற்றுப்போன கூரைகளைப் பார்த்துப் பார்த்து மாற்றிக் கொடுத்தார்கள், பாம்பு அடையும் என்று உடைமுள் புதரை வெட்டி எரித்தார்கள், வீட்டுக்கு வீடு செருப்பு வாங்கிக் கொடுத்தார்கள். மேலத்தெரு வழியாக வந்தால் கீழத்தெரு ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த காலத்தை என் அப்பா பார்த்திருக்கிறார், இப்போது செருப்பில்லாமல் எவனாவது நடந்து வந்தால் மேலத்தெருப் பெண்கள் மாடியிலிருந்து, "ஏய், முள்ளு குத்தப் போவுது, செருப்பு எங்கல?" என்று திட்டினார்கள். மாசானத்தை இனி எந்தக் குழியிலும் இறக்கக்கூடாது என்று மில்லுக்காரரே பஞ்சாயத்தில் தீர்மானம் போட வைத்து, உறிஞ்சி எடுக்கிற மெஷின் வண்டி ஒன்றை வரவழைத்தார், அதை ஓட்டுகிற வேலையை மாசானத்துக்கே வாங்கிக் கொடுத்தார். ஆனால் டீக்கடையில் கீழத்தெரு ஆட்களுக்கு வைத்திருந்த தனித் தம்ளர் மாறவில்லை. அவரவர் எலும்பின்மேல் அவரவருக்கு இருந்த பிரியம்தான் அது, வேறொன்றும் இல்லை, அதைப் போய்ப் பாசம் என்று நினைத்துக்கொண்டவர்களும் எங்கள் ஊரில் இருந்தார்கள்.

முப்பிடாதி அப்படி நினைக்கவில்லை, ஆனாலும் அவள் நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள். அந்த வருஷம் அவள் முகம் தெளிந்திருந்ததை நானே பார்த்தேன். கடைக்கு வந்தால் நின்று பேசிவிட்டுப் போவாள்.

அவளுடைய வைகுண்டமூர்த்தி சார் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன், அவசரக்காரர். மின்சாரம் கம்பியில் போகும்போது வழியெல்லாம் கொஞ்சம் சிந்திக்கொண்டே போகிறதாம், சிந்தாமல் போக வேண்டுமென்றால் இந்த உலகத்தில் இல்லாத குளிர் வேண்டுமாம், அந்தக் குளிரை உண்டாக்குகிற திரவம் வரவழைக்கவே கல்லூரியின் பாதி மானியம் கரைந்துவிடுமாம். அதெல்லாம் வேண்டாம், தன்னுடைய கறுப்பு வில்லைக்கு மார்கழிக் குளிரே போதும், ஒரு சொட்டு சிந்தாது, தடை பூஜ்யம் என்று சார் எழுதினார். எழுதி, ஒரு வில்லையில் வந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் இரண்டு வில்லையில் வந்ததாக இரண்டு கோடு வரைந்து காட்டினார், மேலே ஒன்று, கீழே ஒன்று. அதற்காகக் கல்லூரியில் அவருக்குப் பாராட்டு விழா நடந்தது, மேலத்தெருவிலிருந்து மாலை போனது, ஆள் உயரத்துக்கு அவர் படத்தைக் கல்லூரி வாசலில் கட்டினார்கள்.

அளந்து வரைகிற கோடு ஒருபோதும் நேராக வராது என்று முப்பிடாதி எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். வாசலில் பஸ் போனால் அந்தக் கோடு நடுங்கும், பக்கத்து அறையில் மின்விசிறி போட்டால் நடுங்கும், யாரோ தும்மினால்கூட நடுங்கும், அந்த நடுக்கத்தைப் பார்த்துத்தான் இது நிஜமாக அளந்தது என்று உலகம் நம்பும், ஒரு நாள் நடுங்கினது போல இன்னொரு நாள் நடுங்காது. சார் செய்தது என்னவென்றால், கீழ்க்கோட்டை அளக்காமல் கணினியிலேயே இழுத்தார், இழுத்த கோடு நடுக்கமே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்ததைப் பார்த்துப் பயந்துபோய், மேல்கோட்டின் நடுக்கத்தை அப்படியே எடுத்துக் கீழ்க்கோட்டின்மேல் ஒட்டினார். அவ்வளவுதான். ஒட்டியது அச்சில் ஏறி உலகம் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து எங்கள் ஊரில் மேலே நடுங்கினது கீழேயும் நடுங்கியது, கீழே நடுங்கினது மேலேயும் நடுங்கியது.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில், எந்த நாட்டிலோ உட்கார்ந்திருந்த ஒரு ஆராய்ச்சிக்காரர் இரண்டு கோட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, மயிரிழை பிசகாமல் பொருந்துகிறதே, இது எப்படி என்று ஆய்விதழுக்கு எழுதிக் கேட்டார். ஆய்விதழ்க்காரர்கள் கட்டுரையில் பெயர் போட்டிருந்த இரண்டு பேருக்கும், அதாவது சாருக்கும் முப்பிடாதிக்கும், அளந்த எண்களை அனுப்புங்கள் என்று தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். முப்பிடாதி இரண்டு கோட்டையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்து வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஆச்சரியமாக இல்லை, இரண்டு வருஷத்துக்குப் பக்கமாக ஊரில் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அவள் திரையில் பார்த்தாள்.

அவள் சாரிடம் போனாள். "ரெண்டாவது வில்லைய நம்ம அளக்கவே இல்லையே சார். அது என் கையிலயே பொடிஞ்சு போச்சே" என்றாள்.

"அளந்திருந்தாலும் அதேதான் வந்திருக்கும் முப்பிடாதி. முதல் வில்லையில வந்தது வந்ததுதானே. எல்லா இடத்துலயும் கொஞ்சம் சீவி முடிச்சுத்தான் அனுப்புதாங்க" என்றார் சார்.

"முதல் வில்லையையும் நான் திரும்ப எடுத்துப் பாத்தேன் சார். குளிர ஆரம்பிச்சதும் கம்பிய ஒட்டின வெள்ளிப்பசை விட்டுப் போயிருக்கு. மின்னழுத்தம் அளக்குற கம்பி வில்லையத் தொடவே இல்ல. தொடலன்னா மீட்டர் பூஜ்யம்னுதான காட்டும்."

சார் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "நான் உன் ஆய்வேட்டப் பத்திப் பேச வரல. அதுக்கு நீ கவலப்பட மாட்டே, எனக்குத் தெரியும். உங்க அண்ணன யோசிச்சுக்கோ. இந்தக் கட்டுரைய அவங்க திரும்ப எடுத்துட்டாங்கன்னா இந்த ஊர் பழையபடி ஆயிரும். அப்புறம் அவன் எங்க நிப்பான்?" என்றார். சொல்லிவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் என்று முப்பிடாதி சொன்னாள்.

இந்தப் பேச்சு ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும். கல்லூரியில் நடப்பது எதுவும் டீ ஆறுவதற்குள் கடைத்தெருவுக்கு வந்துவிடும். கட்டுரையைத் திரும்ப எடுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்பதில் ஊரில் ஒருவனுக்கும் சந்தேகம் வரவில்லை, ஒட்டியதால் வந்தது உரித்தால் போகும் என்று எல்லோரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். மேலத்தெருவில் அன்றைக்கே கூட்டம் போட்டார்கள், அடுத்த நாள் காலை மில்லுக்காரர் சங்கரலிங்கம் வெள்ளை வேட்டி சட்டையோடு, தன் பரம்பரையில் யாரும் கால் வைக்காத கீழத்தெருவுக்குள் நடந்து வந்து, முப்பிடாதி வீட்டு வாசலில் நின்று இருமினார்.

அவள் நாற்காலி எடுத்துப் போட்டாள். அவர் அதன் நுனியில் உட்கார்ந்தார். காப்பி கொண்டு வந்தாள், "இப்பத்தாம்மா குடிச்சேன்" என்றார்.

"நீ படிச்ச பிள்ள. உனக்கு நான் சொல்லணும்னு இல்ல. உண்மை எதுவோ அத எழுதிப் போடு. பொய்யில ஒரு ஊரு எத்தன நாளைக்கு நடக்கும்?" என்றார் மில்லுக்காரர். உண்மையைப் பற்றி அவர் பேசியதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

"எழுதிட்டா அண்ணனத் திரும்பக் குழியில எறக்கிருவாங்க ஐயா."

"யாரு எறக்குவா? நான் இருக்கேம்லா? மெஷின் வண்டி இருக்கு, தீர்மானம் இருக்கு. உங்க அண்ணன எறங்குன்னு என் வாயால நான் சொல்லமாட்டேன், என் வீட்டுல யாரும் சொல்லமாட்டாங்க. என் பிள்ளைக மேல சத்தியம்." அப்படிச் சொன்னபோது அவருக்குப் புரையேறியது, உள்ளே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மாசானத்துக்கும் ஏறியது, முப்பிடாதி இருவருக்கும் தண்ணீர் எடுத்து வைத்தாள். மாசானம் குடித்தான், இரண்டு பேருக்கும் சரியானது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கடைக்கு வந்து தலைவலி மாத்திரை கேட்டாள். நான் பழக்கத்தில் இரண்டு எடுத்து வைத்தேன், அவள் ஒன்றைத் தள்ளி வைத்துவிட்டு, "இந்த வலி எனக்கு மட்டுந்தான் அண்ணாச்சி. இது தவறுதலா வந்ததில்ல" என்றாள். போகாமல் நின்றாள். "பொய்யினாலதான் எங்கண்ணன் உசுரோட இருக்கான். எனக்கு வேற எதுவும் வேண்டாம், அவன் இருந்தா போதும். ஆனா நான் கையெழுத்துப் போட்ட பொய்ய நானே நிசம்னு எழுதிட்டு, நாளைக்கு வில்லையக் கையில எப்படி எடுப்பேன்? உண்மையச் சொன்னா நல்லது நடக்கும்ங்காங்க. அத யாராவது அளந்து பாத்திருக்காங்களா?" மருந்துக்கடைக்காரனிடம் அதற்கு மருந்து ஏது.

அவளைத் தேற்றியது கடைசியில் மாசானம்தான். மேலத்தெரு அவனைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது, குளத்தில் நீந்தக்கூடாது, பனை ஏறக்கூடாது, முள் இருக்கிற மீன் தின்னக்கூடாது, அவன் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் பின்னால் இரண்டு ஆள் இன்னொரு வண்டியில் வந்தார்கள், ராட்டினத்தில் ஏறப்போனவனைக் கொடைக் கூட்டத்துக்கு நடுவில் கையைப் பிடித்து இறக்கினார்கள். கிடாயை நேர்ந்துவிட்டு வளர்க்கிற மாதிரி வளர்த்தார்கள்.

"ஏட்டி, நான் ஓடியே ரெண்டு வருசம் ஆவுது" என்றான் மாசானம். "கால் இருக்கு, ஓட முடியல. நீ எனக்காகப் பொய் எழுத வேண்டாம். நான் எறங்க மாட்டேன். மெஷினக் கொண்டாங்கன்னு சொல்லுவேன். எவன் என் கழுத்தப் பிடிச்சுத் தள்ளப் போறான்?"

"நெசமா எறங்க மாட்டல்லா?"

"உன்மேல ஆணை" என்றான் அவன்.

அவள் எழுதினாள். இரண்டாவது வில்லை அளக்கப்படவில்லை, முதல் வில்லையில் கம்பி தொடவில்லை, இந்தக் கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பே இல்லை என்று மூன்று வரியில் எழுதி, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கைப்பேசியிலிருந்தே அனுப்பினாள்.

தை மாதம் ஆய்விதழ்க்காரர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், அதன் குறுக்கே சிவப்பில் பெரிதாக அச்சடித்தார்கள், அதைப் படித்தவர்கள் உலகத்தில் எங்கெங்கோ தலையை ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அதே நாளில் கீழத்தெருவில் ஒருவனைத் தேள் கொட்டியது, அவனுடைய மேலத்தெருச் சோடி பழக்கத்தில் காலைப் பிடித்துக்கொண்டு என் கடை வரைக்கும் நொண்டி நொண்டி வந்து, மருந்து கேட்டு, எந்தக் கால் என்று நான் கேட்டபோது இரண்டு காலையும் தடவிப் பார்த்து, வலி இல்லாததை உணர்ந்து, முதலில் முழித்து, பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்துக்கொண்டே மேலத்தெருவுக்கு ஓடினார். அன்றைக்கு அந்தத் தெருவில் வெடி போட்டார்கள், பெண்கள் வேகவேகமாகப் படி இறங்கினார்கள், பிள்ளைகளை மரத்தில் ஏறவிட்டார்கள். கீழத்தெருவிலும் சிலபேர் சந்தோஷப்பட்டார்கள் என்பதை நான் மறைக்கவில்லை, மாசானம் அன்று குளத்தில் குதித்துக் கண் சிவக்கிற வரைக்கும் நீந்தினான், முப்பிடாதி கரையில் உட்கார்ந்து அவனைப் பார்த்து வெகுநாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அதற்கப்புறம் நடந்தது மெதுவாக நடந்தது, ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாதபடி நடந்தது. கல்லூரியில் விசாரணை வைத்தார்கள், ஆராய்ச்சி மாணவியின் கவனக்குறைவு என்று முடிவு எழுதினார்கள், வைகுண்டமூர்த்தி சார் நீண்ட விடுப்பில் போய் வேறொரு ஊரில் கல்லூரி முதல்வராக ஆனார், முப்பிடாதியின் பதிவை ரத்து செய்தார்கள். அவள் டியூஷன் எடுக்கத் தொடங்கினாள். கீழத்தெரு விளக்கு ஒன்றொன்றாக அணைந்தது, பல்பு மாற்ற ஆள் வரவில்லை, செருப்பு தேய்ந்தது, மெஷின் வண்டி டயர் வெடித்துப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் பின்னால் நின்றது, அதன்மேல் கோழி அடைந்தது. யாரும் யாரையும் குழியில் இறங்கச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து பேச்சிமுத்து என்று ஒருவனைக் கூலிக்குக் கூட்டி வந்தார்கள், அவன் இறங்கினான், அவனுக்கு இந்த ஊரில் எந்தத் தெருவிலும் சோடி இருந்ததில்லை.

ஆவணியில் மில்லுக்காரர் மகள் கல்யாணம், அவருடைய சொந்த மண்டபத்தில். முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கும்போது மண்டபத்தின் பின்பக்கத்துக் குழி பொங்கித் தண்ணீர் சமையல்கட்டு வரைக்கும் வந்துவிட்டது. பஞ்சாயத்து மேஸ்திரி மாசானத்துக்கும் பேச்சிமுத்துவுக்கும் ஆள் அனுப்பினார். மாசானம் வந்தான், குழியைப் பார்த்தான், "மெஷினக் கொண்டாங்க" என்றான். மெஷின் ஓடாது என்பது அவனுக்கும் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். "உன்ன யாருல எறங்கச் சொன்னா? நீ ஓரமா நில்லு" என்றார் மேஸ்திரி, மில்லுக்காரரின் சத்தியத்தை அவரும் கேள்விப்பட்டிருந்தார். பேச்சிமுத்து சட்டையைக் கழற்றி மாசானத்தின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினான். கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது, பிறகு வரவில்லை. மாசானம் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். மேஸ்திரி கயிறு எடுக்க ஓடினார். யாரும் அவனைத் தள்ளவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாசானம் கையிலிருந்த சட்டையைச் சுவரில் போட்டுவிட்டுத் தானாகக் குழிக்குள் இறங்கினான்.

பேச்சிமுத்துவை அவன்தான் உள்ளேயிருந்து தூக்கிக் கொடுத்தான், வெளியே நின்றவர்கள் அவனை வாங்கிக் கரையில் போட்டார்கள், அவன் பிழைத்துக்கொண்டான். அடுத்து நீட்டிய கையை மாசானம் பிடிக்கவில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டர் எடுத்துக்கொண்டு வரச்சொல்லி எனக்குப் போன் வந்து, நான் ஆளை விட்டுத் தூக்கிக்கொண்டு போனபோது, அவனை வெளியே எடுத்து மண்டபத்தின் பக்கவாசலுக்கு எதிரே தரையில் கிடத்தியிருந்தார்கள், சேதி கேட்டு ஓடி வந்திருந்த முப்பிடாதி அவன் தலையை மடியில் வைத்துத் தன் முந்தானையால் அவன் வாயையும் மூக்கையும் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் குழாயை அவன் மூக்கில் வைத்தேன். வைத்தேன் என்றுதான் சொல்ல முடியும். அவள் என்னைப் பார்த்து, "ஆணையிட்டான் அண்ணாச்சி" என்றாள், அவ்வளவுதான் சொன்னாள், அழக்கூட இல்லை.

பக்கவாசல் திறந்திருந்தது. உள்ளே இலை போட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது, மில்லுக்காரர் பட்டு வேட்டியில் வரிசைக்கு வரிசை குனிந்து எல்லோரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். மேஸ்திரி போய் அவர் காதில் சொன்னார். மில்லுக்காரர் நிமிர்ந்து வாசலுக்கு வெளியே பார்த்தார், முப்பிடாதி மடியில் அண்ணனின் தலையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கை மெல்ல எழுந்து நெஞ்சுக்குப் போனது. அவர் நெஞ்சைத் தடவிப் பார்த்தார், மூச்சை உள்ளே இழுத்தார், கொஞ்சம் நிறுத்திக் காத்துப் பார்த்து வெளியே விட்டார், பிறகு இன்னொரு தடவை இழுத்து விட்டார். அவருடைய முகம் தெளிந்தது. "பந்தி நிக்க வேண்டாம், பாயசத்தக் கொண்டாங்க" என்று பரிமாறுகிறவர்களிடம் சொன்னார்.

முப்பிடாதி அப்போதும் அவர் நெஞ்சைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது ஏறி இறங்குவதை, மீட்டரைப் பார்க்கிறவள்போல, நின்றுவிடுமா நின்றுவிடுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அது நிற்கவில்லை.